சலவைத்தூள் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எக்ஸிமா என்ற அரிப்புத் தோல்நோய் உள்ள குழந்தைகளின் துணிக்கு எந்தச் சலவைத்தூள் ஏற்றது என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதற்கு முக்கால் பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. இரவெல்லாம் சொறிந்துகொண்டு தூங்காத குழந்தையை மடியில் வைத்திருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் கட்டுரை சொன்ன யோசனை முழுக்கப் பாக்கெட்டின் முன்பக்கத்தோடு நின்றுவிட்டது. ‘மென்மையானது’, ‘குழந்தைகளுக்கென்றே’, ‘தோல் மருத்துவர்கள் பரிசோதித்தது’, ‘இயற்கையானது’ என்று எழுதியிருந்தால் நம்பி வாங்கலாமாம். அந்த வாசகங்களை எழுதுகிறவர்களோடு ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் உத்தியோகக் காலம் பெரும்பாலும் ஒரு சலவைத்தூள் ஆலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் கழிந்தது. இப்போது ஓய்வு. வீட்டில் துணி துவைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். என் பேத்திக்கு எக்ஸிமா. கைக்குழந்தையாக இருந்தபோது கன்னத்தில் சிவந்து தொடங்கியது. இப்போது முழங்கை மடிப்பிலும் முழங்காலுக்குப் பின்னாலும் குடியேறியிருக்கிறது. பெரியவர்கள் இதைக் கரப்பான் என்பார்கள். மருமகள் மருந்தைப் பார்த்துக்கொள்கிறாள், மகன் குளிப்பாட்டுவதைப் பார்த்துக்கொள்கிறான், எனக்குத் துணி.

உங்கள் கட்டுரையைப் படித்த பல அம்மாக்கள், ‘நான் வாங்கிய தூளால்தான் குழந்தைக்கு இப்படி ஆனதோ’ என்று நினைத்திருப்பார்கள். அப்படி இல்லை. சலவைத்தூள் எக்ஸிமாவை உண்டாக்குவதில்லை. தோலின் மேலடுக்கைக் கட்டுக்கோப்பாக வைக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் இருக்கும் குறைபாடு இந்த நோய்க்கு வலுவான காரணங்களில் ஒன்று என்று 2006-இல் தெரியவந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் அந்தக் குறைபாடு இருப்பதில்லை. வேறு காரணங்களும் உண்டு. எப்படியானாலும் விளைவு ஒன்றுதான்: உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போய்விடுகிறது, வெளியே இருக்கும் உறுத்தல் எல்லாம் உள்ளே வந்துவிடுகிறது. தாழ்ப்பாள் சரியில்லாத வீட்டில் எந்தத் திருடன் வந்தான் என்று விசாரித்துக்கொண்டே இருப்பதை விட, தாழ்ப்பாளைப் பழுதுபார்ப்பது முதல் வேலை. அதாவது மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசுவதும், மருத்துவர் கொடுத்த ஆயின்மென்டை அவர் சொன்னபடி போடுவதும். தூளை மாற்றுவது அதற்கு அடுத்த இடத்தில்தான் வரும். மருந்தை நிறுத்திவிட்டுத் தூளை மட்டும் மாற்றிப் பார்க்கிறேன் என்று யாராவது கிளம்பினால், தயவுசெய்து வேண்டாம்.

சலவைத்தூளால் வரும் அசல் ஒவ்வாமை மிகவும் அபூர்வம். வட அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 738 பேருக்குப் பரிசோதனை செய்து 2002-இல் வெளியிட்ட ஆய்வில், சலவைப் பொருளுக்கு ஒவ்வாமை காட்டியவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. அப்படியானால் எந்தத் தூளாக இருந்தால் என்ன என்று கேட்கலாம். அதுவும் சரியில்லை. ஒவ்வாமை வேறு, உறுத்தல் வேறு. ஒவ்வாமை என்றால் உடல் ஒரு பொருளை அடையாளம் கண்டு எதிர்ப்பது. கொஞ்சம் பட்டாலே போதும். உறுத்தல் என்பது அளவைப் பொறுத்தது. துணியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அது எவ்வளவு நேரம் தோலோடு உரசுகிறது, அந்தத் தோல் ஏற்கெனவே எவ்வளவு புண்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அதில் சேரும். ஆரோக்கியமான தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, பி.எச். என்ற அமில-கார அளவுகோலில் 5-ஐ ஒட்டி இருக்கும். சலவைத்தூள் கரைசலோ பெரும்பாலும் 9-லிருந்து 11 வரை உள்ள காரம். சரியாக அலசாத துணியில் அந்தக் காரமும் நுரைப்பொருளும் தங்கிவிட்டு, வியர்வையில் மறுபடி கரைந்து தோலில் படும். பெரியவர்கள் தோலுக்கு அது தெரியவே தெரியாது. என் பேத்திக்குத் தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி, அரிப்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பது. துணியின் உறுத்தல் என்றால் துணி இறுக்கிப் பிடிக்கும் இடத்தில் அதிகமாகத் தெரியும்: இடுப்பில் எலாஸ்டிக் படும் இடம், கழுத்துப் பட்டை, அக்குள் ஓரம், காலுறையின் விளிம்பு. துணியே படாத இடத்தில் மட்டும் இருந்தால் தூளின் மேல் பழி போடுவதற்கு முன் யோசிக்க வேண்டும். கன்னம் மட்டும் கொஞ்சம் சிக்கலான இடம். அது குழந்தையின் சட்டையில் படுவதில்லை, ஆனால் தலையணை உறையிலும் நம் தோளிலும் படுகிறது. அதனால்தான் குழந்தையின் துணியை மட்டும் தனித் தூளில் துவைத்து, தூக்கி வைத்துக்கொள்கிற ஆட்களின் துணியை வாசனைத் தூளில் துவைப்பதில் அர்த்தம் இல்லை. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒரே தூள். படுக்கை விரிப்பு, துண்டு, போர்வை உட்பட.

இப்போது பாக்கெட்டுக்கு வருகிறேன். உள்ளே இருப்பவற்றில் எனக்கு மிகப் பெரிய புகார் வாசனையின் மேல். அழுக்கை எடுப்பதில் வாசனைக்கு எந்தப் பங்கும் இல்லை. அது வாங்குகிறவருக்காகப் போடப்படுவது, துணிக்காக அல்ல. அழுக்கை எடுக்கும் பொருளெல்லாம் தண்ணீரோடு போய்விட வேண்டும் என்று தயாரிக்கப்படுகிறது. வாசனை மட்டும் துணியிலேயே தங்க வேண்டும் என்று தயாரிக்கப்படுகிறது. இதற்காகவே கண்ணுக்குத் தெரியாத நுண்குமிழ்களுக்குள் வாசனை எண்ணெயை அடைத்துச் சேர்க்கிறார்கள். அவை நூலிழையில் ஒட்டிக்கொண்டு, துணி உரசும்போதெல்லாம் உடைந்து மணக்கும். ‘நாள் முழுக்கப் புத்துணர்ச்சி’ என்று விளம்பரத்தில் வருவதன் சூட்சுமம் பல நேரம் இதுதான். நாள் முழுக்கத் துணியோடு உரசிக்கொண்டும் சொறிந்துகொண்டும் இருக்கிற ஒரு குழந்தைக்கு இது எவ்வளவு பொருத்தம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். எலுமிச்சை வகை மணம் தரும் லிமோனீன், பூ மணம் தரும் லினலூல் இரண்டும் புதிதாக இருக்கும்போது பெரிய தொந்தரவு தருவதில்லை. காற்றுபட்டு ஆக்ஸிஜனோடு சேர்ந்த பிறகு உண்டாகும் பொருள்கள்தாம் ஒவ்வாமையைத் தூண்டுபவை.

‘இயற்கையானது’ என்ற வகை இங்கேதான் வழுக்குகிறது. லாவெண்டர் எண்ணெயிலும் ஆரஞ்சுத் தோல் எண்ணெயிலும் இருப்பது இதே லினலூலும் லிமோனீனும்தான். செடியிலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று தோல் கேட்பதில்லை. டீ ட்ரீ என்ற செடியின் வாசனை எண்ணெய் சேர்த்திருக்கிறோம் என்று பெருமையாகப் போட்டிருக்கும் பாக்கெட்டையும் நான் எக்ஸிமா உள்ள வீட்டுக்கு வாங்க மாட்டேன்.

‘மணமற்றது’ என்று முன்பக்கத்தில் இருந்தாலும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். மூலப்பொருள்களுக்கு ஒரு சொந்த நாற்றம் உண்டு. அதை அமுக்குவதற்காக வேறு ஒரு வாசனையைக் குறைந்த அளவில் சேர்த்து, மொத்தத்தில் மணமே தெரியாமல் செய்வது பழைய வித்தை. முகர்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பொருள் பட்டியலில் வாசனை, நறுமணம், பெர்ஃப்யூம், ஃபிராக்ரன்ஸ் என்று எந்தப் பெயரிலும் எதுவும் இல்லாமல் இருந்தால்தான் நம்பலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு விதிப்படி வாசனை, என்சைம் (கறையை வெட்டி எடுக்கும் புரதம்), பதப்படுத்தி (கெட்டுப்போகாமல் காப்பது), வெளுப்பேற்றி (துணியைப் பளிச்சென்று காட்டும் சாயம்) இவை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பாக்கெட்டில் சொல்லியாக வேண்டும். எல்லா நாட்டிலும் அந்தக் கட்டாயம் இல்லை. பட்டியலே போடாத பாக்கெட்டை எக்ஸிமா உள்ள வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன், முன்பக்கத்தில் எத்தனை குழந்தைகள் சிரித்தாலும்.

‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்பதற்கும் ஒரு கதை உண்டு. ஒப்பனைப் பொருள்களில் அந்தச் சொல்லைப் போட வேண்டுமானால் ஒவ்வாமை குறைவு என்று சோதித்து நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1975-இல் ஒரு விதி கொண்டுவந்தது. கம்பெனிகள் வழக்குப் போட்டன. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அங்கே அந்தச் சொல்லுக்குச் சட்டப்படியான வரையறை இல்லை. ‘தோல் மருத்துவர்கள் பரிசோதித்தது’ என்பதும் அப்படித்தான். பரிசோதித்தார்கள், சரி. யார் தோலில், எவ்வளவு நாள், முடிவு என்ன? அந்த வாசகம் இவற்றில் எதையும் சொல்வதில்லை. ‘குழந்தைகளுக்கென்றே’ தயாரித்த பாக்கெட்டைத் திறந்ததும் பவுடர் மணம் வீசினால், அது அம்மாக்களின் மூக்குக்காகத் தயாரித்தது என்று எடுத்துக்கொள்ளலாம்.

என்சைம் விஷயத்தில் உங்கள் கட்டுரையோடு எனக்குச் சண்டையே உண்டு. ‘என்சைம் இருந்தால் தொடவே தொடாதீர்கள்’ என்று போட்டிருந்தீர்கள். இந்தப் பயத்துக்கு ஒரு வேர் இருக்கிறது. 1960-களின் கடைசியில் சலவைத்தூள் ஆலைகளில் என்சைம் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்தது உண்மை. அதன்பின் என்சைமைத் தூசியாகப் பறக்காத சிறு மணிகளாக, மேலே பூச்சு கொடுத்துத் தயாரிக்க ஆரம்பித்தார்கள். அது நுரையீரல் விவகாரம், ஆலைக்குள் நடந்தது. துவைத்த துணியில் இருக்கும் என்சைமால் தோலில் ஒவ்வாமை வருகிறதா என்று பிறகு பலமுறை பார்த்தாயிற்று. அதற்குத் தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை. எக்ஸிமா உள்ள குழந்தையின் துணியில் என்ன கறை இருக்கும்? சொறிந்த இடத்து ரத்தம், நீர் வடிந்த கறை, ஆயின்மென்ட் பிசுக்கு. முதல் இரண்டும் புரதம். புரதத்தை வெட்டும் என்சைம்தான் அதைச் சுத்தமாக எடுக்கும். அது இல்லையென்றால் இன்னும் அதிகத் தூள், இன்னும் அதிகத் தேய்ப்பு என்று போவோம். உங்கள் குழந்தைக்கு என்சைம் தூள் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் கண்கூடாகப் பார்த்தால் தவிர்த்துவிடுங்கள், அதில் தப்பில்லை. பொதுவிதியாக்கிப் பயமுறுத்த வேண்டாம் என்கிறேன்.

வெளுப்பேற்றி பற்றிக் கொஞ்சம். ‘பளிச் வெண்மை’ தருவது இதுதான். கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பி அனுப்பும் சாயம். மஞ்சளடித்த துணி வெள்ளையாகத் தோன்றும். இதனால் ஒவ்வாமை வருவது அபூர்வம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அழுக்கை எடுக்காத, துணியிலேயே தங்குவதற்கென்றே சேர்க்கிற இன்னொரு பொருள் இது. புண்பட்ட தோலுக்கு அது எதற்கு? இல்லாதது கிடைத்தால் அதை வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

தூளா, திரவமா என்று என்னிடம் கேட்காத சொந்தக்காரர் இல்லை. தூளில் தண்ணீர் இல்லை. அதனால் கிருமி வளராமல் தடுக்கும் பதப்படுத்தியும் பொதுவாகத் தேவையில்லை. திரவத்தில் தேவை. அந்தப் பதப்படுத்திகளில் மெத்தில்ஐசோதயசோலினோன் என்று ஒன்று. இதைத்தான் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர் சங்கம் 2013-க்கான ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. தோலில் பூசி அப்படியே விட்டுவிடும் கிரீம்களில் இதைப் போடக் கூடாது என்று 2017-இலிருந்து ஐரோப்பாவில் தடை. துணியில் அலசிய பிறகு மிஞ்சுவது மிகவும் குறைவுதான், ஆனாலும் வாய் நீளமான இந்தப் பெயரைப் பட்டியலில் பார்த்தால் நான் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடுவேன். தூளுக்கும் ஒரு குறை உண்டு. குளிர்ந்த தண்ணீரில் முழுதாகக் கரையாமல் துணி மடிப்பில் திட்டுத்திட்டாக ஒட்டும். ஆகவே வாசனையில்லாத தூளை வெதுவெதுப்பான தண்ணீரில் முன்பே கரைத்து ஊற்றுவது என் வழக்கம். இந்தப் பதப்படுத்தி இல்லாத, வாசனையில்லாத திரவம் கிடைத்தால் அதுவும் நல்லதே. அது சுலபமாக அலசிப் போகும்.

எது வாங்கினாலும் அளவுதான் மிச்சத்தை முடிவு செய்கிறது. பல பாக்கெட்டுகளில் வருகிற கரண்டியும் மூடியும் தேவைக்குப் பெரிதாகவே இருக்கும். அளவுக் கோடு உள்ளே எங்கோ மங்கலாக இருக்கும். நிரம்ப ஊற்றுவது மனித சுபாவம். நுரை நிறைய வந்தால்தான் சுத்தம் என்ற எண்ணமும் நம்மை விடுவதில்லை. முன்பக்கம் திறக்கும் மெஷினில் நுரை அதிகமானால் துணிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடிபடுவதற்குப் பதில் நுரையில் மிதக்கும். அழுக்கும் போகாது, தூளும் போகாது. குழந்தையின் துணியில் சேறு இல்லை, கரி இல்லை. பாக்கெட்டில் லேசான அழுக்குக்கு என்று போட்டிருக்கும் அளவு போதும். கோடு தெரியவில்லை என்றால் ஒரு தடவை அளந்து பார்த்து, பேனாவால் மூடியில் பெரிதாக ஒரு கோடு போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டு மூடியில் என் கோடு இருக்கிறது.

உங்கள் துணியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். துவைத்துக் காய்ந்த துண்டு ஒன்றை எடுங்கள். தூள் எதுவும் போடாமல், சுத்தமான பக்கெட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுக் கையால் நன்றாகக் கசக்குங்கள். தண்ணீர் வழவழவென்று இருந்து, நுரை எழும்பிக் கலையாமல் நின்றால், அத்தனையும் இதுவரை குழந்தையின் உடம்பில் பட்டுக்கொண்டிருந்தது. இதைப் பார்த்த பிறகு யாருக்கும் நான் அறிவுரை சொல்ல வேண்டியிருந்ததில்லை. மெஷினில் கூடுதல் அலசல் பொத்தான் இருந்தால் ஒவ்வொரு தடவையும் அதை அழுத்துங்கள். டிரம்மை வாய்வரை திணிக்காதீர்கள். தண்ணீர் புக இடம் வேண்டும். கையால் துவைக்கிறவர்கள், அலசும் தண்ணீர் தெளிவாக இருப்பதோடு விரல்களுக்கிடையில் வழுக்காமலும் இருக்கிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். கையுறை போட்டுக்கொள்வதும் நல்லது. எக்ஸிமா குடும்பத்தில் வருவது. குழந்தைக்கு இருந்தால் துவைக்கிற அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கையில் இருப்பது அதிசயமில்லை.

உப்புத்தண்ணீர் உள்ளவர்கள் உடனே தண்ணீரை மென்மையாக்கும் கருவி வாங்கலாமா என்று கேட்பார்கள். கடின நீரில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் நுரைப்பொருளைப் பிடித்துக்கொள்வதால் தூள் அதிகம் தேவைப்படும், அதுவரை உண்மை. ஆனால் பிரிட்டனில் 336 குழந்தைகளை வைத்து நடத்தி 2011-இல் வெளியிட்ட சோதனையில், வழக்கமான சிகிச்சையோடு இந்தக் கருவியையும் வைத்த வீடுகளில் எக்ஸிமா கூடுதலாகக் குறையவில்லை. இதே போல எக்ஸிமாவுக்கென்று விற்கும் பட்டு உள்ளாடைகளை அங்கேயே 300 குழந்தைகளிடம் சோதித்தார்கள், 2017-இல் முடிவு வந்தது, பலன் இல்லை. சாதாரணப் பருத்தி போதும். புதுத் துணியை மட்டும் போடுவதற்கு முன் ஒரு தடவை துவைத்துவிடுங்கள். சுருங்காமல் இருக்கப் போடும் பிசினும், நூலில் பிடிக்காமல் மிஞ்சிய சாயமும் அதில் இருக்கலாம்.

துணிக்கு மென்மை தரும் கண்டிஷனர் கட்டாயம் வேண்டாம். அது நூலிழை மேல் ஒரு படலமாகத் தங்குவதால்தான் துணி வழுவழுப்பாகிறது, கூடவே வாசனையும். கடைசி அலசலில் கிருமிநாசினி திரவம் ஊற்றும் பழக்கமும் நிறையப் பேரிடம் இருக்கிறது. அதன்பிறகு அலசுவதே இல்லை என்பதால் அது அப்படியே துணியில் காய்கிறது. நல்லெண்ணத்தில் செய்வதுதான், ஆனால் எக்ஸிமா தோலில் அது எரியும். சிலர் வினிகர் ஊற்றச் சொல்கிறார்கள். கொஞ்சமாக ஊற்றினால் பெரிய கெடுதல் இல்லை என்றாலும் குளோரின் பிளீச் புழங்கும் வீட்டில் அந்த விளையாட்டே கூடாது. இரண்டும் கலந்தால் வருவது நச்சு வாயு.

உங்கள் கட்டுரையில் அறவே இல்லாத, ஆனால் இருந்திருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. எக்ஸிமா குழந்தையின் துணி நாளடைவில் மாய்ஸ்சரைசரையும் ஆயின்மென்டையும் உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்த பிறகும் அந்தப் பிசுக்கு நூலுக்குள் இருக்கும். அப்படிப்பட்ட துணியில் தீப்பொறி பட்டால் சாதாரணத் துணியை விடச் சீக்கிரம் பற்றிக்கொண்டு வேகமாக எரியும். பாரஃபின் என்ற பெட்ரோலிய மெழுகு உள்ள கிரீம் மட்டுமில்லை, இல்லாத கிரீமும்தான் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் எச்சரித்தது. சூடான தண்ணீரில் துவைப்பது பிசுக்கைக் குறைக்குமே தவிர முழுதாக எடுத்துவிடாது. ஆகவே ‘மென்மை, மென்மை’ என்று துணியைத் தூளே இல்லாமல் நனைத்து எடுப்பதும் சரியில்லை. துணி தாங்குமென்றால் 60 டிகிரி செல்சியஸில் துவைக்கலாம். படுக்கை விரிப்பில் இருக்கும் தூசிப் பூச்சிகளும் அந்தச் சூட்டில் சாகும். மெழுகுவர்த்தி, அடுப்பு, சிகரெட் பக்கம் அந்தக் குழந்தையை விடாதீர்கள். அந்தக் குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும்போது நீங்களும் போகாதீர்கள், உங்கள் துணியிலும் அதே பிசுக்கு இருக்கும். கிரீம் சேர்ந்து சேர்ந்து மெஷின் கதவின் ரப்பர் வளையமும் கெட்டுப்போகும். மாதத்துக்கு ஒருமுறை துணியில்லாமல் சூடான தண்ணீரில் ஓடவிட்டால் தாங்கும்.

தூளை மாற்றினால் எப்போது பலன் தெரியும் என்று கேட்பவர்களுக்கு: சில வாரம் பொறுங்கள். அலமாரியில் இருக்கும் துணியெல்லாம் பழைய தூளில் துவைத்தவை. அவை ஒரு சுற்று வந்தால்தான் கணக்கு தொடங்கும். அந்தச் சமயத்தில் சோப்பு, கிரீம் எதையும் கூடவே மாற்றாதீர்கள், எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். எக்ஸிமாவுக்கு ஒரு குணம்: தானாகவே ஏறும், தானாகவே இறங்கும். மோசமாக இருக்கும்போதுதான் நாம் தூளை மாற்றுவோம். அதற்குப் பிறகு எப்படியும் கொஞ்சம் தணியும். பெயர் தூளுக்குப் போய்விடும். உங்கள் கட்டுரையில் வந்த ‘மாற்றிய மறுநாளே சரியாகிவிட்டது’ என்ற வாசகியின் அனுபவத்தை நான் இப்படித்தான் படித்தேன். அவர் பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை.

எல்லாம் செய்தும் ஒரே இடத்தில் விடாமல் அரித்துக்கொண்டிருந்தால் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் பற்றிக் கேளுங்கள். சந்தேகப் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, அதன்பின் இன்னொரு நாளும் பார்ப்பார்கள். மஞ்சள் பக்கு, நீர் வடிதல், காய்ச்சல், அல்லது ஒரே மாதிரிக் குட்டிக் கொப்புளங்கள் கூட்டமாக வந்தால் தூள், சோப்பு ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் சில பேர் துண்டை வாங்கி முகம் துடைத்துவிட்டு, ‘என்ன, வாசனையே இல்லையே, துவைச்சதுதானா?’ என்று கேட்கிறார்கள். துவைத்ததுதான் என்கிறேன்.

உங்களிடம் இரண்டு கோரிக்கைகள். அடுத்த முறை இப்படிப் பட்டியல் போடும்போது ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் வாசனை உண்டா, என்ன பதப்படுத்தி, வெளுப்பேற்றி உண்டா, லேசான அழுக்குக்கு எவ்வளவு போட வேண்டும் என்பதைக் கம்பெனியிடம் கேட்டுப் போடுங்கள். பதில் சொல்லாத கம்பெனியின் பெயருக்கு எதிரே ‘பதில் தரவில்லை’ என்றே அச்சிடுங்கள். இரண்டாவது, அந்தக் கட்டுரைக்கு நேர் கீழே கால் பக்கத்துக்கு ஒரு வாசனைக் கண்டிஷனர் விளம்பரம் இருந்தது, கட்டுரையில் இருந்த அதே எழுத்துருவில், அதே வண்ணத்தில். என் மருமகள் அதையும் கட்டுரையின் பகுதி என்றே நினைத்துப் படித்தாள். விளம்பரம் உங்களுக்கு வேண்டியிருக்கும், அது புரிகிறது. வேறு பக்கத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
சலவைத்தூள் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு வாசகர்